சேற்றுக்கிடங்குக்கு ஒரு படித்துறை

ஜலநிலைப் பரிபாலன ஆபீசில் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கிடைக்காது. காரைக்குடியில் வாடகைக்குப் பிடித்த ஒரு பெரிய வீட்டின் முன்கட்டில் அந்த ஆபீஸ் நடந்தது. சுற்றுவட்டாரத்துக் கண்மாய், ஊருணி, கிணறு எல்லாவற்றையும் பரிபாலித்து வந்ததால், தன் வாசலில் ஒரு பானை வைக்க அதற்கு நேரம் இருக்கவில்லை. மனு கொடுக்க வருகிறவர்கள் எதிர்க்கடையில் சோடா குடித்துவிட்டு வந்து நின்றார்கள். ஜலநிலை என்ற சொல் வாயில் நுழையாத ஜனங்கள் அதைச் சலவை ஆபீஸ் என்றார்கள். துணி வெளுக்கிற இடம் என்று நம்பி அழுக்கு மூட்டையோடு வந்தவர்களும் உண்டு. அவர்களிடமும் மனு வாங்கிக்கொண்டார்கள்.

மருதங்காவயல் வீரணன் அங்கே முதல் தடவை போனது ஒரு சித்திரை மாதம். கையில் சிவப்புத் தண்ணீர் நிறைந்த ஒரு சீசா வைத்திருந்தான்.

மருதங்காவயல் கோவிலூருக்கு மேற்கே நாற்பது வீடு உள்ள சிற்றூர். அங்கே எங்கே கிணறு வெட்டினாலும் உப்புக் கரிக்கும். குடிக்க இருப்பது ஒரே ஒரு ஊருணி. ஊருக்கு மேற்கே இருந்த செம்புறாங்கல் மேட்டில் விழும் மழைதான் அந்த ஊருணியை நிரப்பும். ரயில் ரோடு போட ஆரம்பித்த வருஷம், ஒரு கண்டிராக்டர் அந்த மேட்டைப் பத்து வருஷக் குத்தகைக்கு எடுத்து, புல்லையும் புதரையும் உரித்துப் போட்டுவிட்டுச் சரளை வெட்டி ஏற்றினார். ஒரே கோடையில் மேடு பச்சைப் புண்ணாயிற்று. ஐப்பசி மழை பெய்ததும் மேட்டு மண் கரைந்து ஊருணிக்குள் இறங்கியது. துணியில் வடிகட்டிப் பார்த்தார்கள். துணி சிவந்ததே தவிரத் தண்ணீர் வெளுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வயல் பள்ளங்களில் தேங்கியதைக் குடித்தார்கள். கார்த்திகையில் வாந்திபேதி வந்தது. நாலு பேர் போனார்கள். அதில் ஒருத்தி வீரணனின் பெண்டாட்டி கருப்பி. காலையில் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இல்லை.

மிச்சம் இருந்தவள் மகள் நாகவல்லி. அவள் புருஷன் பங்குனியில் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனான். சித்திரையில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. நாள் எண்ணிப் பார்த்தால் கார்த்திகையில் பிள்ளை பிறக்கும். மறுபடி ஒரு ஐப்பசி மழை, மறுபடி ஒரு கார்த்திகை. வீரணன் சீசாவை எடுத்துக்கொண்டு கிளம்பியது அதனால்தான்.

குமாஸ்தா சத்தியமூர்த்தி சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல மனுஷர். எதையும் மறுக்க மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

“இது என்ன, கஷாயமா?”

“எங்க ஊருணித் தண்ணிங்க. முந்தாநாள் கோடை மழைக்குப் பிடிச்சது. போன வருசம் இதைக் குடிக்க முடியாமத்தான் நாலு உசுரு போச்சு.”

சத்தியமூர்த்தி புகார்ப் புத்தகத்தில் எழுதினார்: ‘மருதங்காவயல் ஊருணி நீரின் நிறம் மாறியது பற்றி.’

“நாலு பேரு செத்ததுங்க?”

“சாவு வேற ஆபீஸ். இங்கே நிறம் மட்டும்தான்.”

சீசாவின் வாயை அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். பரிபாலன அதிகாரி உடையப்பன் பி.ஏ. சுற்றுப்பயணத்தில் இருந்தார். அவர் எந்த நீர்நிலையையும் நேரில் பார்ப்பதில்லை. பார்த்தால் அபிப்பிராயம் ஒருதலையாகிவிடும் என்பார். நீர்நிலைகளைப் பரிபாலிக்கிற மற்ற அதிகாரிகளைப் பார்க்கத்தான் அவர் சுற்றினார். அவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும்வரை சீசா அலமாரியில் அசையாமல் இருந்தது. வீரணனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அதிகாரி சீசாவை மேஜைமேல் வைத்து, குனிந்து, நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது. அடியில் இரண்டு விரற்கடை செம்மண்.

“நிறம் மாறியதாகப் புகார். நிறம் எங்கே மாறியிருக்கிறது?”

“ஒரு குலுக்குக் குலுக்குங்க. செவப்பு மேல வந்துரும்.”

“சாட்சியைக் கலைக்கச் சொல்கிறாயா?”

வீரணன் சீசாவைக் காட்டினான். “அய்யா, நான் சொல்ல வந்ததே அதாங்க. மூணு வாரம் ஆடாம அசையாம வச்சிருந்தீக, தெளிஞ்சிருச்சு. மேட்டுத் தண்ணியையும் நேரா ஊருணிக்குள்ள ஓட விடாம, நடுவுல ஒரு கெடங்கு வெட்டி நிறுத்தி வச்சா மண்ணு அடியில தங்கிரும். தெளிஞ்சது மட்டும் ஊருணிக்குப் போகும்.”

அதிகாரி வெகுநேரம் சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார். ஆபீஸ் முழுவதும் எழுந்து நின்றது.

“குறித்துக்கொள்ளும், சத்தியமூர்த்தி. இந்த ஆபீஸ் மூன்று வாரம் இடைவிடாமல் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறது. கலங்கிய நீர் நின்றால் தெளியும்.”

அதை யார் கண்டுபிடித்தால் என்ன, கிடங்கு வந்தால் போதும் என்று வீரணன் கும்பிட்டுவிட்டு வந்தான்.

கிடங்கு எப்படி இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். இளவயதில் பத்து வருஷம் செம்புறாங்கல் வெட்டியவன். வைகாசிக் கடைசியில், சத்தியமூர்த்தி பிளான் எழுத மேட்டடிக்கு வந்தபோது, ஒரு குச்சியால் மணலில் கீறிக் காட்டினான். மேட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால். அதில் பத்தடிக்கு ஒரு கல்வரிசை. வாய்க்கால் முடிகிற இடத்தில், அகலத்தைப்போல மூன்று பங்கு நீளத்தில் ஒரு கிடங்கு. தண்ணீர் ஒரு தலையில் நுழைந்து மறுதலையில் பலகைக்கல் கலுங்கு மேலாக வழிய வேண்டும்.

“ஏன் அவ்வளவு நீளம்?”

“தண்ணி நடந்து வரணுங்க, ஓடி வரக் கூடாது. சரளை வாசல்லயே உக்காந்துரும். பொடிமண்ணு சோம்பேறி. அதுக்கு நேரம் குடுத்தாத்தான் கீழ எறங்கும். வருசா வருசம் சேத்தை அள்ளிக் கொட்ட ஒரு ஆளும் வேணும். இல்லாட்டி ரெண்டே மழையில கெடங்கு தூந்துரும்.”

“ஆளுக்கெல்லாம் வழியில்லை” என்று சொல்லிவிட்டு, சத்தியமூர்த்தி அச்சடித்த படிவத்தைப் பிரித்தார். பேனா பாதியில் நின்றது. “இதுக்குப் பேர் என்ன சொன்னீர்?”

“சேத்துக்கெடங்கு.”

“அதுக்குக் காலம் இல்லையே.”

“ஏங்க இல்லை? ஐப்பசிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கே. இப்ப ஆரம்பிச்சா ஆடிக்குள்ள முடிச்சிரலாம்.”

“அந்தக் காலம் இல்லை ஐயா. இந்தக் காலம்!” என்று படிவத்தில் கோடு போட்ட கட்டங்களைத் தட்டிக் காட்டினார் குமாஸ்தா. “கண்மாய் ஒரு காலம். ஊருணி ஒரு காலம். கிணறு ஒரு காலம். நாலாவது காலமே கிடையாது. இந்த மூணிலே எது?”

“மூணும் இல்லைங்க. அது சேறு தங்குற எடம்.”

“இந்த மூணும் இல்லைன்னா அப்படி ஒண்ணு உலகத்திலேயே இல்லைன்னு அர்த்தம். இல்லாததை எப்படி வெட்டுறது?” சத்தியமூர்த்தி இரக்கத்தோடு யோசித்தார். “ஊருணின்னு போட்டுடுறேன். எந்தக் காலத்திலே எழுதினா என்ன, வெட்டப் போறது குழிதானே.”

வீரணன் தலையை ஆட்டினான். அந்த ஒரு தலையாட்டலை நினைத்து அவன் பிறகு எத்தனையோ நாள் தன் தலையில் குட்டிக்கொண்டான்.

ஆனியில் பிளான் திரும்பி வந்தது. நீளக் கிடங்கு சதுரமாகியிருந்தது. ஊருணி என்றால் சதுரம். நாலு பக்கமும் படித்துறை. சுற்றிலும் மதில், வடக்கே ஒரு கதவு. சேறு தங்குகிற குழிக்குப் படி எதற்கு என்று வீரணன் கேட்டான். ஊருணிக்குப் படி இல்லாவிட்டால் ஜனங்கள் வழுக்கி விழுவார்கள் என்று பதில் வந்தது. அவன்தான் வெட்டு மேஸ்திரி. சண்டை போட்டால் வேலை நின்றுபோகும். ஆகையால் வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் நுழைகிற வாயை ஒரு மூலையிலும் கலுங்கை எதிர்மூலையிலும் வைத்தான். சதுரத்தில் மூலைக்கு மூலை நடந்தாலும் கொஞ்சம் தூரம் கிடைக்கும்.

புது ஊருணி என்று கேள்விப்பட்டு, கோட்டையூர்த் தேனம்மை ஆச்சி படித்துறைக்குக் கல் கொடுத்தார். ஆடியில் ஒருநாள் வில்வண்டியில் வந்து இறங்கி, முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“ஏன் வீரணா, தண்ணி எங்குட்டு இருந்து வருது?”

“அந்தா மேட்டுல இருந்து சேத்துத்தண்ணி வரும் ஆச்சி.”

“சேறா? எங்க அப்பச்சி பேரை இந்தக் கல்லுல வெட்டச் சொல்லியிருக்கேனே!”

வீரணன் விஷயம் முழுவதையும் சொன்னான். ஆச்சி கேட்டுவிட்டு மூக்கின்மேல் விரலை வைத்தார். “நல்ல கூத்து. கல்லு இருக்கட்டும், திருப்பி எடுக்க மாட்டேன். பேரை மட்டும் வெட்டாதீக. செத்துப்போன மனுசரு சேத்துல நிக்க வேணாம்.”

ஆவணியில் ஒரு காவல்காரன் நியமனமானான். சிங்கம்புணரியிலிருந்து வந்த சேவுகன். வீரணனுக்கு மச்சினன், கருப்பிக்குக் கூடப்பிறந்த தம்பி. காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு நோட்டு, ஒரு தகரப் பலகை கொடுத்திருந்தார்கள். பலகையை மதிலில் ஆணியடித்து மாட்டினான். ‘இந்த ஊருணியில் கை கால் கழுவுதல், துணி துவைத்தல், மாடு குளிப்பாட்டுதல், மண் கலந்த தண்ணீரை விடுதல் ஆகியவை தண்டனைக்குரிய குற்றங்கள்.’

“கடைசி வரியைத் திரும்பப் படி மாப்ளே” என்றான் வீரணன்.

சேவுகன் படித்தான். படித்துவிட்டுத் தானும் யோசித்தான். “அப்ப இதுக்குள்ள என்னதான் மச்சான் வரும்?”

மறுநாள் ஆபீஸ் ஆட்கள் வந்து, வாய்க்கால் கிடங்குக்குள் நுழைகிற வாயை மூன்றடி அகலத்துக்கு மண் போட்டு அடைத்தார்கள். குடிநீர் ஊருணிக்குள் சேற்றுத்தண்ணீர் போகக் கூடாதல்லவா? ஆகையால் வாய்க்காலைப் புது மதிலை ஒட்டி வளைத்து, நேராகப் பழைய ஊருணியின் வரத்துக்காலில் சேர்த்துவிட்டார்கள். போன வருஷம் நாலு வழியில் சிதறிப் போன செந்தண்ணீருக்கு இந்த வருஷம் ஒரே நேர்வழி கிடைத்தது.

வீரணன் காரைக்குடிக்கு நடந்தான். ஒரு தடவை அதிகாரி இல்லை. ஒரு தடவை அதிகாரி இருந்தார், படிவம் இல்லை. மூன்றாம் தடவை இரண்டும் இருந்தன.

“புது ஊருணியில் சேற்றை விடச் சொல்கிறாயா?” என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். “உனக்கு ஈவிரக்கம் இல்லையா? உன் ஊர் ஜனங்கள் குடிக்கிற இடம் அது.”

“அங்க யாரும் குடிக்கலிங்க. குடிக்கிறது பழைய ஊருணி.”

“அது ஏற்கெனவே நிறம் மாறிவிட்டது என்று புகார் கொடுத்தவன் நீ.”

வீட்டுக்கு வந்தபோது நாகவல்லி உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். வயிறு முன்னே தள்ளியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உலக்கையை நிறுத்தினாள்.

“என்னய்யா சொன்னாக?”

“எனக்கு ஈவிரக்கம் இல்லையாம்.”

“அது இருக்கட்டும். தொறப்பாகளா மாட்டாகளா?”

“தொறப்புவிழாதான் வைக்கிறாகளாம் ஆத்தா. புரட்டாசி பதினஞ்சுல.”

விழாவன்று பந்தல் போட்டார்கள். மேளம் வந்தது. காய்ந்து கிடந்த சதுரக் குழியின் முதல் படியில் நின்று அதிகாரி பேசினார்.

“மகாஜனங்களே! சென்ற வருஷம் உங்களுக்கு ஒரே ஓர் ஊருணிதான் இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது; ஆகவே அழுக்கும் இருந்தது. இன்றைக்கு இரண்டாவது ஊருணி கிடைத்திருக்கிறது. இதைப் பாருங்கள். ஒரு துளி அழுக்கு உண்டா? இல்லை. ஏன் இல்லை? ஒரு துளி தண்ணீர் இல்லை! என் பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் நான் கண்ட உண்மை, நீர்நிலைகள் கெடுவதெல்லாம் தண்ணீரால்தான். மழை பெய்தால் கரை உடைகிறது. ஜனங்கள் மொண்டால் படி தேய்கிறது. இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் ஒரு நீர்நிலை நூறு வருஷம் கெடாமல் இருக்கும். இதை இப்படியே நூறு வருஷம் வைத்துக் காப்பாற்ற இந்த ஆபீஸ் உறுதி பூண்டிருக்கிறது.”

“அப்ப குடிக்க?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து தேனம்மை ஆச்சியின் குரல் வந்தது.

“குடிப்பது எங்கள் பொறுப்பில் இல்லை அம்மா. பரிபாலனம் மட்டும்தான்.”

“வெறும் பானையைக் கழுவிக் கமுத்தி வச்சிட்டுச் சோறு வெந்துருச்சுங்கிறாரே இந்தப் பிள்ளை!” என்று ஆச்சி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். பந்தல் முழுவதும் அது கேட்டது. மேளக்காரர்கள் சமயம் அறிந்து தட்டினார்கள்.

ஐப்பசி ஏழாம் தேதி, பகல் சாப்பாட்டு நேரத்தில் மழை இறங்கியது. மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த வீரணன் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

அடைத்த வாய்க்குப் பக்கத்தில் ஓலைக்குடையின் கீழ் சேவுகன் நின்றான். வாய்க்காலில் சிவப்பு நுரை வந்துகொண்டிருந்தது. மூன்றடி மண்ணுக்கு இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் சுத்தமான சூனியம்.

“மச்சான், அங்கனயே நில்லுங்க. நான் காவல்காரன்.”

“யாரு இல்லைன்னா? நல்லாக் காவல் பாரு மாப்ளே.”

“நீங்க வெட்டுனா நான் ஊதணும். உத்தரவு.”

“ஊது.”

“ஊதுனா நோட்டுல எழுதணும்.”

“எழுது. வெட்டுற மண்ணைத் தூக்கி அங்குட்டு வளைவு வாய்க்கால்ல போட்டு அடைக்கணும். கூடை பிடிக்க ஆளில்லை. ஊதிக்கிட்டே கூடை பிடிக்க முடியுமா ஒன்னால?”

சேவுகன் யோசித்தான். விசிலை வாயில் வைத்துக்கொண்டான். இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. உத்தரவில் கைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. குடையை எறிந்துவிட்டுக் கூடையைத் தூக்கினான். அவன் ஊத ஊத வீரணன் வெட்டினான். மழைச் சத்தத்தில் அந்த விசில் பத்தடிக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றடி மண்ணும் போனதும் செந்தண்ணீர் தடதடவென்று படிகளில் இறங்கியது. குழியில் பரவியதும் அதன் வேகம் செத்தது. மூலைக்கு மூலை நடந்தது.

“அக்கா இருந்தா என்னை வையும்” என்றான் சேவுகன், விசிலை வாயிலிருந்து எடுத்து.

“எதுக்கு? கூடை பிடிச்சதுக்கா?”

“ஊதுனதுக்கு.”

மறுநாள் காலையில் கலுங்கு மேலாக வழிந்த தண்ணீரில் லேசான கலங்கல் மட்டும் இருந்தது. அதுவும் ஊருணியில் நின்று தெளிந்தது. நாலாம் நாள் நாகவல்லி குடத்தைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். “அய்யா, கொடத்தோட அடி தெரியுது” என்றாள். வீரணன் எட்டிப் பார்த்தான். பித்தளை அடியில் கன்னான் தட்டிய சுத்தியல் தழும்புகூடத் தெரிந்தது. கார்த்திகை இருபதில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த மாதம் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆபீசில் இதைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதப்படவில்லை. ஒன்றும் வராததற்குப் புகார் எண் கிடையாது.

எழுதப்பட்டது சேவுகனின் ரிப்போர்ட்தான். மார்கழியில் விசாரணை நடந்தபோது அதிகாரி அதைப் படித்தார். ‘எதிரி மண்ணை வெட்டினார். நான் ஊதினேன். ஊதியும் நிற்கவில்லை. யாரோ ஒருவர் கூடையில் மண் சுமந்து எதிரிக்கு ஒத்தாசை செய்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.’

“குடிநீர் ஊருணியில் சேற்றை விட்டது உண்மைதானா?”

“சேத்துக்கெடங்குல விட்டேங்க. ஊருணி தெளிவா இருக்கு. நேர்ல வந்து பாருங்க.”

“பதிவேட்டில் பார்த்தால் போதும். நிறம் மாறிய ஊருணி தெளிவாக இருக்கிறது என்கிறாய். தெளிவான ஊருணியில் சேறு இருக்கிறது. பதிவேடு முழுவதையும் நீ ஒருவன் கலக்கிவிட்டாய்!” அதிகாரிக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. “தீர்ப்பு. மூன்று வருஷத்துக்கு, மழைக்காலம் முடிந்ததும், அந்த ஊருணியில் சேர்ந்த சேறு முழுவதையும் நீ உன் கையாலேயே வெட்டி அள்ளி, இரண்டு பர்லாங்கு தள்ளிக் கொட்ட வேண்டும். நீ வெட்டிய வாய் சாட்சி; இனி அதில் ஒரு பிடி மண்ணையும் யாரும் தொடக் கூடாது. தொட்டால் மறுபடியும் குற்றம்.”

வீரணன் சத்தியமூர்த்தியைப் பார்த்தான். சத்தியமூர்த்தி மேல்கூரையைப் பார்த்தார். வருஷா வருஷம் சேறு அள்ள ஆள் கேட்டபோது இல்லை என்றார்கள். இப்போது ஆள் கிடைத்துவிட்டது. வாயும் அடைபடாது. வீரணன் விழுந்து கும்பிட்டான். குற்றவாளி மனம் திருந்திவிட்டான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

தை, மாசி முழுவதும் அள்ளினான். இடுப்பு ஒடிந்தது. ஆனால் கிடங்கு மறுபடி ஆழமாயிற்று. அள்ளிய வண்டலைத் தன் கட்டாந்தரையில் கொட்டி வரகு விதைக்கலாம் என்றுகூட நினைத்தான். அப்போதுதான் ஒரு பயம் வந்தது. மேட்டின் குத்தகை பத்து வருஷம். தண்டனை மூன்றே வருஷம். அதற்கப்புறம்?

பங்குனியில் ஆபீசுக்குப் போய் ஒரு மனு கொடுத்தான். ‘கனம் அதிகாரி அவர்கள் தயவுசெய்து என் தண்டனையைப் பத்து வருஷமாக நீட்டிக்க வேணுமாய்ப் பிரார்த்திக்கிறேன்.’

அந்த மனு ஆபீசைப் பிடித்து உலுக்கிவிட்டது. தண்டனையை ஒருவன் கேட்டு வாங்குகிறான் என்றால் அதில் அவனுக்கு ஏதோ சுகம் இருக்கிறது. சுகம் இருந்தால் அது தண்டனை இல்லை. அதிகாரி மூன்று மாதம் யோசித்தார். ஆபீஸ் ஆரம்பித்து ஐந்து வருஷம் நிறைந்த விழா ஆடியில் வந்தது. அந்தச் சுபதினத்தை முன்னிட்டு வெளியான உத்தரவைச் சத்தியமூர்த்தி படித்துக் காட்டினார்.

“வீரணன், உமக்கு மன்னிப்பு வந்திருக்கு. தண்டனை முழுசும் ரத்து. இனிமே அந்த ஊருணியிலே நீர் கால் வைக்க வேண்டியதில்லை. வைக்கவும் கூடாது. நீர் வெட்டின வாயை ஆபீசே கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டிக் குடுத்துடும்.”

“என்னை மன்னிக்கிற அளவுக்கு நான் என்னங்க நல்லது செஞ்சேன்?” வீரணன் கையெடுத்துக் கும்பிட்டான். “வேணாங்க. நான் குத்தவாளிதான். எப்பவும்போல என்னைக் குத்தவாளியாவே வச்சுக்கங்க.”

சத்தியமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த ஆபீசில் அவர் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். குரலைத் தாழ்த்திச் சொன்னார். “மன்னிப்பு பழைய குற்றத்துக்குத்தான் ஐயா.”

ஆபீஸ் சொன்ன நாளில் ஒரு வேலையை முடித்தது என்றால் அது அந்தச் சுவர்தான். ஆவணியில் கட்டி முடித்து, வளைவு வாய்க்காலையும் மறுபடி திறந்துவிட்டார்கள். இரண்டடிக் கனம். ஒரு ஆள் மண்வெட்டியால் கொத்தினால் பொறிதான் பறக்கும்.

ஐப்பசி பிறந்தது. வானம் மேற்கே கறுத்த அன்று காலையில், வீரணன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றம் செய்யப் புறப்பட்டான். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஊர் வந்துகொண்டிருந்தது. கடப்பாரை, சம்மட்டி, கூடை. இளவட்டங்களும் பெண்களும் கிழவர்களுமாக முப்பத்திரண்டு பேர். முதல் தூறல் விழுவதற்குள் சுவர் விழுந்து, அந்தக் கல்லாலேயே வளைவு வாய்க்கால் அடைபட்டது.

சேவுகன் முறைப்படி நடந்துகொண்டான். நோட்டைப் பிரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு, படித்துறையில் உட்கார்ந்தான்.

“வரிசையா வாங்கப்பா. பேரைச் சரியாச் சொல்லணும். போன வருசம் ஒரு ஆளுக்கு மூணு வருசம் குடுத்தாக. இப்ப ஆளுக்கு மூணு வருசம்னாலும் ஊருணிக்கு ஆயுசு கெட்டி.”

“என் பேரை மொதல்ல எழுதுய்யா. அந்தச் சம்மட்டி என்னுது” என்றார் ஒரு கிழவர்.

“ஒமக்கு மூணு வருசம் தாங்குமா பெருசு?”

“தண்டனை இருக்கிறவனை எமன் எப்படிடா கூப்பிடுவான்?”

ஒவ்வொருவராக வந்து பெயர் கொடுத்தார்கள். பெயரைத் தப்பாக எழுதியதாக இருவர் சண்டை போட்டுத் திருத்திக்கொண்டார்கள். வாய்க்காலில் செந்தண்ணீர் வந்து கிடங்கில் இறங்கத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்று அது எதிர்மூலைக்கு நடப்பதைப் பார்த்தார்கள். கடைசியாக நாகவல்லி இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

“என் பேரையும் எழுதுங்க மாமா.”

“கைப்புள்ளையை வச்சுக்கிட்டு நீ என்னத்த ஆத்தா வெட்டுன?”

“ஒண்ணும் வெட்டலை. வெட்டும்போது தடுக்காமப் பாத்துக்கிட்டு நின்னேன். அதுவும் குத்தந்தானே?”

சேவுகன் விதிகளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். குற்றம்தான். ஐயமே இல்லை. மழைத்துளி படாமல் நோட்டை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முப்பத்து மூன்றாவதாக அவள் பெயரை எழுதினான்.